முறிந்தது கணைக்கால், வலிப்பது முழங்கால்

வகுப்பறையில் ஆசிரியர் வினா எழுப்புவதும் மாணவர் விடை கூறுவதும் வழக்கம். ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பி, அதன் விடை தமக்கே தெரியாமலிருந்தும், விடை சொல்லவில்லை என்று மாணவனைத் தண்டித்துவிடுவதும் உண்டு. அத்தகைய வினா ஒன்றை நான் ஒருமுறை கேட்டேன். அதற்குரிய விடையைப் பல ஆண்டுகள் கழித்தே தேடிக் கற்றேன். அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். காலை வழிபாடு முடிந்ததும் மாணவர் அனைவரும் தரையில் அமர்ந்து அன்றைய செய்திகளைக் கேட்பது எங்கள் பள்ளியின் வழக்கம். ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னேன்; தயங்கினான். அருகில் அழைத்தேன். “ஐயா, சென்ற ஆண்டு வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் வலிக்கிறது” என்றான். எங்கே முறிந்தது என்று கேட்டேன். கால்சட்டையைச் சற்றே உயர்த்திக் கணைக்காலின் நடுப்பகுதியைக் காட்டினான். “அங்கே முறிந்த எலும்பு கூடிவிட்டதா?” என்றேன். “கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஐயா” என்றான். “முறிந்தது கணைக்கால், அதுவும் கூடிவிட்டது. அப்படியிருக்க முழங்கால் ஏன் வலிக்க வேண்டும்?” என்று கேட்டேன். அவன் விடை சொல்லாமல் தலை குனிந்து நின்றான். அவன் சாக்குச் சொல்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். கூட்டம் முடியும் வரையில் முழந்தாளிட்டிருக்குமாறு பணித்தேன். அவன் முழந்தாளிட்டான்.

அன்று நான் கேட்ட வினா நல்ல வினாவே. அதைக் கேட்ட முறைதான் தவறு. அந்த வினாவை இப்போது நாம் முறையாக ஆராய்வோம்.

முதலில் எலும்பைத் தெரிந்துகொள்வோம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு எலும்புகள் உள்ளன. வெளிப்புறத்தில் இருப்பது மெல்லிய எலும்பு. அதைப் பிபுலா என்பர். உட்புறத்தில் இருப்பது பருத்த எலும்பு. அதன் பெயர் டிபியா. நம் உடலின் நீளமான எலும்புகளுள் தொடையெலும்புக்கு அடுத்த இடம் டிபியாவுக்கே உரியது. உடலின் சுமையைத் தொடையிலிருந்து வாங்கிப் பாதத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் பெரும்பாலும் இதுவே. இதையே இங்குக் கணைக்கால் எலும்பு என்று குறிப்பிடுவேன். உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்புறமாகக் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். தோலை அடுத்து உடனே எலும்பு தட்டுப்படும். தொடையெலும்பைச் சுற்றிலும் தசை மூடியிருக்கிறது. கணைக்கால் எலும்புக்கோ முன்பக்கத்தில் அத்தகைய போர்வை இல்லை; தோல் ஒன்றே காவல். ஆகையால்தான் இரவில் கட்டிற்கால் இடித்தாலும் நாம் துடித்துப்போகிறோம். இருசக்கர வண்டியிலிருந்து விழுவோருக்கும் பந்தாட்டக் களத்தில் மோதிக்கொள்வோருக்கும் இந்த எலும்பு எளிதில் முறிவதும், முறிந்த முனை சில வேளைகளில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும் இதனாலேயே.

முறிந்த எலும்பு தானாகவே கூடும் இயல்புடையது. மருத்துவர் எலும்பை ஒட்டவைப்பதில்லை; எலும்புதான் தன்னை ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இரு துண்டுகளும் நேராகவும் நிலையாகவும் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே மருத்துவரின் வேலை. நம் நாட்டு எலும்பு வைத்தியர்கள் மூங்கிற் பத்தையையும் துணியையும் கொண்டு செய்ததும், மருத்துவமனைகளில் மாவுக்கட்டுப் போட்டுச் செய்ததும் இதுவே. இம்முறைகளால் குணமடைந்தோர் பலர். ஆயினும் இவற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கணைக்கால் எலும்பு கூடுவதற்குப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நான்கைந்து மாதங்கள் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அவ்வளவு காலமும் காலைக் கட்டிலேயே வைத்திருந்தால் முழங்காலும் கணுக்காலும் இறுகிப்போகும், தசை மெலிந்துவிடும். கட்டுக்குள்ளே துண்டுகள் சற்றே நழுவினாலும் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ கூடிவிடும்.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க வந்ததே எலும்பின் உட்குழலில் ஆணி செலுத்தும் முறை. நீளமான எலும்புகள் நடுவில் மூங்கிலைப் போலக் குழலுடையவை. அக்குழலில் மஜ்ஜை நிரம்பியிருக்கிறது. ஒடிந்த மூங்கிலை வெளியே பத்தை வைத்துக் கட்டுவதற்குப் பதிலாக, உள்ளே ஒரு கம்பியைச் செருகி நிறுத்தினால் என்ன? ஜெர்மனியில் கீல் நகரத்தில் பணியாற்றிய கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்னும் அறுவை மருத்துவர் 1939-ஆம் ஆண்டில் இதைச் செய்து காட்டினார். அவர் முதலில் ஆணி செலுத்தியது தொடையெலும்பில். எலும்புக்குள் இரும்பை அடித்து இறக்குவதா என்று அக்கால மருத்துவர் பலர் அஞ்சினர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த அமெரிக்க வீரர் சிலர் விடுதலையாகித் தாயகம் திரும்பியபோது, அவர்களுடைய தொடையெலும்பினுள் நீண்ட உலோக ஆணி இருப்பதை எக்ஸ்-கதிர்ப் படத்தில் கண்டு அந்நாட்டு மருத்துவர்கள் வியப்படைந்தனர். அவ்வீரர்கள் நன்றாக நடந்தார்கள். வியப்பு அதனால் இன்னும் பெருகிற்று.

தொடையெலும்பில் எளிதாக முடிந்த காரியம் கணைக்கால் எலும்பில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஏன் என்று எண்ணிப் பாருங்கள். குழலுக்குள் ஆணியைச் செலுத்த வேண்டுமானால் குழலின் ஒரு நுனியில் வாயில் வேண்டும். தொடையெலும்பின் மேல்நுனியில், இடுப்பின் பக்கவாட்டில், மூட்டுக்கு வெளியிலேயே அதற்கு இடம் கிடைக்கிறது. கணைக்கால் எலும்பின் கீழ்நுனியோ கணுக்கால் மூட்டினுள் இருக்கிறது; அங்கே வாயில் வைத்தால் கணுக்கால் கெடும். மேல்நுனி முழங்கால் மூட்டின் தளமாகவே அமைந்திருக்கிறது. வழுவழுப்பான குருத்தெலும்பு பரப்பப்பட்ட அத்தளத்தின் மீதுதான் தொடையெலும்பு உருண்டு இயங்குகிறது. அத்தளத்தைத் துளைப்பது வீட்டின் கூடத்து நடுவே கிணறு வெட்டுவது போலாகும். ஆகவே, தளத்தின் முன்விளிம்பைச் சற்றே தாண்டி, சரிவாக இறங்கும் சிறு இடம் ஒன்றை மருத்துவர் தேர்ந்துகொண்டனர். அங்கே குருத்தெலும்பு இல்லை. ஆயினும் அவ்விடம் முழங்காலின் முன்வாயிலிலேயே இருக்கிறது.

நேரான ஆணியை அந்தச் சரிவிலிருந்து உள்ளே இறக்கினால், எலும்பின் பின்சுவரில் முட்டி அதைப் பிளந்துவிடும். இதற்காக 1950-ஆம் ஆண்டில் ஹெர்ட்சோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஆணியின் மேற்பகுதியைச் சற்றே வளைத்து அமைத்தார். அந்த வளைவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறார்கள். பின்னர் 1970-களில் ஜெர்மனியிலும், பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரிலும், ஆணியின் மேலும் கீழும் துளையிட்டு, எலும்பினூடே குறுக்குத் திருகாணிகளைச் செலுத்திப் பூட்டும் முறை வளர்ந்தது. இதனால் நொறுங்கிய எலும்பும் குட்டையாகாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் நின்றது. நம் ஊர்களில் “காலில் ராடு வைத்திருக்கிறது” என்று மக்கள் சொல்வது இந்தப் பூட்டாணியைத்தான். இன்று பெரியவர்களின் கணைக்கால் எலும்பு நடுவே முறிந்தால், உலகெங்கும் பெரும்பாலும் கையாளப்படுவது இம்முறையே. சில நாள்களிலேயே ஊன்றுகோலுடன் எழுந்து நடக்கத் தொடங்கலாம். முழங்காலும் கணுக்காலும் கட்டுக்குள் சிறைப்படுவதில்லை. இது மனித அறிவு பெற்ற பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. நான் மேலே சொல்லப்போகும் எதையும் இம்முறையின் மீது சுமத்தும் குற்றமாகக் கொள்ளற்க.

இனி, ஆணி செல்லும் வழியைக் காண்போம். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் சேர்ந்த வலிய தசைத்தொகுதி உள்ளது. அது கீழே வந்து முழங்காற்சில்லைப் பற்றுகிறது. சில்லின் கீழ்நுனியிலிருந்து ஏறத்தாழ இரண்டங்குல நீளமுள்ள பட்டையான தசைநாண் ஒன்று இறங்கிக் கணைக்கால் எலும்பின் முன்மேட்டில் பதிகிறது. நீங்கள் நாற்காலியில் அமர்ந்து, சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால், வார் போன்ற அந்தத் தசைநாண் தட்டுப்படும். நாம் எழுவதும் படியேறுவதும் பந்தை உதைப்பதும் அதன் வலிமையால்தான். ஆணிக்குரிய வாயில் இந்த வாருக்கு நேர் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆகவே அறுவை மருத்துவர் முழங்காலை நன்றாக மடக்கி, தசைநாணை நீளவாக்கில் நடுவே பிளந்தோ, அல்லது அதன் ஓரமாக ஒதுக்கியோ உள்ளே செல்கிறார். கூரிய கருவியால் எலும்பில் துளையிடுகிறார். மெல்லிய வழிகாட்டிக் கம்பியை முறிவைத் தாண்டிக் கணுக்கால் வரை செலுத்துகிறார். துருவும் கருவியால் குழலை அகலப்படுத்துகிறார். அதன் பின்னர் ஏறத்தாழ விரற்பருமனுள்ள ஆணியைத் தட்டி இறக்குகிறார்.

முறிவு கணைக்காலின் நடுவில், வாயிலோ முழங்காலில். என் வினாவின் விடை பாதிக்கு மேல் இப்போது வெளியாகிவிட்டது. பழுதான குழாயைச் சீர்செய்ய வந்தவர் வீட்டு வாயில் வழியாகத்தானே உள்ளே வரவேண்டும்? குழாய் சீராகிவிட்டது, வாயிற்படியில் கீறல் விழுந்துவிட்டது.

அப்படியானால் அந்த வாயிற்படியில் வலிப்பது எது? இங்கே காரணம் ஒன்றல்ல, பல. தசைநாண் பிளக்கப்பட்ட இடத்தில் தழும்பு உண்டாகலாம். ஆணியின் தலை எலும்பின் பரப்புக்கு மேல் சிறிது துருத்திக்கொண்டிருந்தால், முழங்கால் மடங்கும்போது தசைநாண் அதில் உரசலாம். முழங்காலின் உட்புறத்திலிருந்து முன்பக்கமாகக் குறுக்கே ஓடும் மெல்லிய நரம்பு ஒன்று உண்டு. தோலைக் கீறும்போது அது அறுபட்டால் தழும்பைச் சுற்றி மரத்துப்போதலும், தொட்டால் சுரீரென்று குத்துதலும் தோன்றும். இவையன்றி, தசைநாணுக்குப் பின்னால் மெத்தைபோல் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. ஆணி அந்தத் திண்டினூடேதான் செல்கிறது. வெறும் கொழுப்புதானே, அது வலிக்குமா என்று கேட்பீர்கள்.

இதற்கு விடை கண்ட ஒருவரின் கதை சுவையானது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஸ்காட் டை என்பவர், முழங்காலினுள் எந்த உறுப்பு எவ்வளவு வலிக்கும் என்று அறிய விரும்பினார். பிறரிடம் சோதித்துப் பார்க்கும் காரியமா இது? ஆகவே தம் முழங்கால்களையே அதற்கு ஒப்படைத்தார். கருவி நுழையும் இடத்துத் தோலை மட்டும் மரக்கச் செய்துகொண்டு, மூட்டினுள்ளே மயக்க மருந்து செலுத்தாமல், சிறு கருவியால் ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டு அழுத்தும்படி உடன்பணியாளரிடம் கூறினார். தொடும்போதெல்லாம் வலியின் அளவையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். 1998-ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. முழங்காற்சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு வலியே தெரியவில்லை. மூட்டின் முன்பக்க உட்சவ்வையும் அந்தக் கொழுப்புத் திண்டையும் தொட்டபோதோ கடும் வலி. அதுவும், இன்ன இடத்தில் என்று விரல் வைத்துச் சுட்டுமளவுக்குத் தெளிவான வலி! ஆணி செல்லும் பாதை, முழங்காலுக்குள் நரம்புணர்ச்சி மிகுந்த பகுதி வழியாகவே அமைந்துவிட்டது என்பது இதனால் விளங்கும்.

எத்தனை பேருக்கு இந்த வலி வருகிறது? ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் கோர்ட்-பிரவுன் என்பவரும் அவருடைய துணைவர்களும், கணைக்கால் எலும்பில் ஆணி செலுத்தப்பட்ட 169 பேரை ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் 56 விழுக்காட்டினருக்கு முழங்கால் வலி இருந்தது. வலி உள்ளவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், முழந்தாளிடும்போது வலிக்கிறது என்றனர். மூன்றில் ஒருவருக்கு ஓய்வாக இருக்கும்போதும் வலித்தது. வலி இல்லாதவர்களைவிட வலி உள்ளவர்கள் வயதில் இளையவர்களாக இருந்தனர் என்பதும் அவ்வாய்வு கண்ட உண்மை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, நூற்றுக்குப் பத்து முதல் எண்பத்தாறு வரையில் கணக்குகள் வேறுபடுவதாகவும், சராசரி 47 விழுக்காடு என்றும் கூறுகிறது. ஏறத்தாழ இருவரில் ஒருவர்! பெரும்பாலோருக்கு அது பொறுக்கத்தக்க வலிதான். எனினும் உண்மையான வலி.

மாணவர்களே, இந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தேன். நிற்கலாம், நடக்கலாம், ஓடவும் கூடலாம். முழந்தாளிடுவதே அவர்களுக்கு அரிது. அந்த இளைஞனுக்கு நான் தேர்ந்தெடுத்த தண்டனையும் அதுவே. முழந்தாளிடும்போது உடலின் எடை, மடங்கிய முழங்காலின் முன்புறத்தில், அதாவது தழும்பும் தசைநாணும் ஆணித்தலையும் கூடியிருக்கும் இடத்தில், நேராக இறங்குகிறது. இதைச் சொல்லித் தர அன்று அங்கே எவரும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை.

அறிவியலில் எளிய விளக்கம் எப்போதும் உண்மையாகிவிடுவதில்லை என்பதற்கும் இங்கே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தசைநாணைப் பிளப்பதுதான் வலிக்குக் காரணம். அதைப் பிளக்காமல் ஓரமாக ஒதுக்கிச் சென்றால் வலி வராது என்று பலர் நம்பினர். சில பழைய கணக்குகளும் அதற்குச் சான்று போலத் தோன்றின. பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் அதைச் சோதிக்க முற்பட்டனர். ஐம்பது நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணியினருக்குத் தசைநாணைப் பிளந்தும், மற்றோர் அணியினருக்கு ஒதுக்கியும் ஆணி செலுத்தினர். சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கடைசி வரை வந்தவர்களுள், பிளந்த அணியில் 21 பேரில் 14 பேருக்கு வலி. ஒதுக்கிய அணியில் 21 பேரில் 15 பேருக்கு வலி. இரண்டும் ஒன்றே! நம்பிக்கை வேறு, சோதனை வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது. ஆணியின் தலை சிறிதும் துருத்தாமல் எலும்புக்குள் நன்றாகப் புதைந்திருந்த சிலருக்கும் வலி வந்ததை மருத்துவர் கண்டிருக்கின்றனர். ஆகவே ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு முழுமையும் விளக்கிவிட முடியாது.

தொடைத் தசையின் மெலிவையும் நாம் மறக்கலாகாது. கால் முறிந்தவர் பல வாரங்கள் அந்தக் காலை முழுதும் பயன்படுத்துவதில்லை. முன்தொடைத் தசை மெலிகிறது. வலியுள்ளவர்களிடத்தில் அத்தசை வலிமை குன்றியிருப்பதை ஆய்வாளர் கண்டனர். வலி இருப்பதால் காலைப் பயன்படுத்தாமல் தசை மெலிகிறதா, தசை மெலிந்ததால் முழங்காற்சில்லின் இயக்கம் சீர்கெட்டு வலிக்கிறதா என்பது விதைக்கும் மரத்துக்கும் உள்ள வழக்குப் போன்றது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஆனால் அந்தச் சுழலை நாம் அறுக்கக்கூடிய இடம் தசையே. படுத்த நிலையில் காலை நீட்டித் தொடையை இறுக்கிச் சில நொடிகள் நிறுத்தித் தளர்த்துவது, நீட்டிய காலை மெல்ல உயர்த்தி இறக்குவது போன்ற எளிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பிப்பர். நாள் தவறாமல் செய்வோருக்கே அவை பயன் தரும். இலக்கண விதியை ஒருநாள் முழுதும் நெட்டுருப் போட்டுவிட்டுப் பின்பு மறந்துவிடும் மாணவனுக்கு நேர்வதே, ஒருநாள் உழைத்து ஒன்பது நாள் ஓய்வெடுக்கும் நோயாளிக்கும் நேரும்.

வலி நீங்காவிட்டால் ஆணியை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எலும்பு முழுமையாகக் கூடிய பின்னர் எடுப்பது உண்டு. 1997-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முழங்கால் வலிக்காக ஆணி எடுக்கப்பட்ட 49 பேருள் 22 பேருக்கு வலி முற்றிலும் நீங்கிற்று. 17 பேருக்குக் குறைந்தது. 10 பேருக்குப் பயன் இல்லை. இதன் பொருள் யாது? ஆணி வலிக்கு ஒரு காரணம். ஒரே காரணம் அன்று. மேலும், உள்ளே சென்ற வழியாகவேதான் வெளியே எடுக்கவும் வேண்டும். மறுபடியும் அந்த உணர்ச்சி மிக்க வாயிலைத் திறக்கவேண்டும். ஆகவே ஆணியின் தலை துருத்தியிருக்கிறதா, எலும்பு திண்மையாகக் கூடியிருக்கிறதா, வலியால் அன்றாட வாழ்வு எவ்வளவு தடைப்படுகிறது என்பவற்றையெல்லாம் படம் பார்த்தும் நோயாளியைக் கேட்டும் முடிவு செய்வதே முறை.

மருத்துவ உலகம் இதோடு நின்றுவிடவில்லை. அண்மைக் காலத்தில் முழங்காற்சில்லுக்குக் கீழே செல்லாமல் சில்லுக்கு மேலே சிறு வாயில் அமைத்து, முழங்காலைச் சற்றே மடக்கிய நிலையில் ஆணி செலுத்தும் முறை பரவி வருகிறது. சில்லுக்குக் கீழுள்ள தசைநாணுக்கும் அங்குள்ள முன்பக்கத் தோலுக்கும் இதனால் காயம் இல்லை. வலி குறைவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் இவ்வழியில் கருவிகள் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே செல்வதால், அங்குள்ள குருத்தெலும்பைக் காக்க உறை போன்ற குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வாயிலை மூடினால் மற்றொரு வாயிலைத் திறந்துதானே ஆகவேண்டும்! எந்த வழியிலும் சிறிது விலை கொடுக்க நேர்கிறது. அந்த விலையை எப்படிக் குறைப்பது என்பதே ஆராய்ச்சி.

நம் நாட்டு வாழ்க்கை முறைக்கு இதில் தனி இடம் உண்டு. நாற்காலியில் உண்டு, நாற்காலியில் எழுதி, நாற்காலியில் ஓய்வெடுக்கும் ஒருவர் நாள் முழுதும் முழங்காலை முற்றிலும் மடக்காமலே இருந்துவிடலாம். நாம் சம்மணமிட்டு உண்கிறோம். குத்தவைத்துக் கழிப்பறையில் அமர்கிறோம். தரையில் விழுந்து பெரியோரை வணங்குகிறோம். வயலில் நாற்று நடுவோரும், தரையில் ஓடு பதிப்போரும், தறிக்குழியில் காலிறக்கி நெய்வோரும் முழங்காலை நம்பியே வாழ்கிறார்கள். இத்தகைய ஒருவர் ஆணி செலுத்திக்கொள்ளுமுன், “எலும்பு கூடிய பின்னும் முழங்காலில் வலி இருக்கக்கூடும், முழந்தாளிடுவது கடினமாகலாம்” என்னும் செய்தியை அறிந்திருப்பது நலம். மருத்துவரிடம் கேட்கத் தயங்கவேண்டா. முன்னரே அறிந்த துன்பம் பாதித் துன்பம்.

எல்லா வலியையும் இந்த ஒரு கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. காய்ச்சலோடு முழங்கால் வீங்கினால், தழும்பில் சீழ் கசிந்தால், முழங்காலில் அன்றி முறிந்த இடத்திலேயே ஊன்றும்போது வலி தொடர்ந்தால், உடனே மருத்துவரைக் காணவேண்டும். அவை கிருமித் தாக்குதலுக்கோ எலும்பு கூடாமைக்கோ அறிகுறியாக இருக்கலாம். முறிவு கணைக்கால் எலும்பின் மேல்தளத்திலேயே, அதாவது மூட்டினுள்ளேயே நேர்ந்திருந்தால், அதனால் வரும் வலியின் காரணங்களும் வேறு.

இனி என் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கிறேன். அந்த மாணவன் படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் தன் திருமண அழைப்பிதழோடு என் இல்லத்துக்கு வந்தான். என் காலில் விழப் போனான், நான் தடுத்துவிட்டேன். அவன் முழங்காலைப் பற்றி விசாரித்தேன். ஆணியை எடுத்துவிட்டதாகவும், இப்போது பெரிதும் தேவலை என்றும், முழந்தாளிட்டால் மட்டும் சிறிது வலிப்பதாகவும் சொன்னான். நான் இத்தனை ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொல்லி, “தம்பி, அன்று நான் செய்தது பிழை. என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் சங்கடப்பட்டான். சற்றுப் பொறுத்து, “ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று எனக்கே விடை தெரியாது. கூடிவிட்ட எலும்புக்கு வலி ஏது என்று நீங்கள் கேட்டபோது, நானே சோம்பலுக்கு வலியைக் காரணம் காட்டுகிறேனோ என்று வெகுநாள் என்னையே ஐயப்பட்டுக்கொண்டிருந்தேன்” என்றான்.

அவன் முழந்தாளிட்டு அனுபவித்த வலி சில நிமிடங்களில் தீர்ந்திருக்கும். தன் வலியைத் தானே நம்பாமல் அவன் கழித்த நாள்களுக்கு என்னிடம் ஈடு இல்லை. மாணவ நண்பர்களே, ஒருவன் வலிக்கிறது என்று சொல்லும்போது அதற்குக் காரணம் நமக்குப் புலப்படாமற்போகலாம். காரணம் புலப்படாமை நம் அறிவின் எல்லையைக் காட்டுமேயன்றி, அவன் பொய்யன் என்பதைக் காட்டாது. முதலில் அவனை உட்கார வையுங்கள். உட்கார முடியாதென்றால் நிற்க விடுங்கள். பின்பு ஏன் வலிக்கிறது என்று நூல்களில் தேடுங்கள். நான் இவற்றுள் பின்னதை முதலிலேயே செய்திருந்தால், அல்லது முன்னதையேனும் செய்திருந்தால், இன்று இந்தப் பேச்சுக்கு வேறு தொடக்கம் இருந்திருக்கும்.